தொப்பிக்காரர் சொன்ன குறை

காலையிலிருந்து மாமியார் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு மருமகளுக்கு, அடி மட்டும் பாத்திரங்களுக்கு.

"ஃபோன் வராதும்மா… வரவே வராது! அந்த நர்ஸம்மா என்ன முட்டாளா? நேத்து அவ கேட்ட கேள்விக்கு இந்த வீட்டுல கிடைச்ச பதிலுக்கு, இனிமே இந்தத் தெருப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டா!"

மருமகள் சமையலறை மூலையில் தையல் மிஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் அந்த மிஷினுக்குத் தனி அறை இருந்தது. ஜன்னல் வெளிச்சம், துணி வெட்ட மேஜை, அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு ஆளுயரக் கண்ணாடி… எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துத்தான் தொப்பிக்காரரை அங்கே குடிவைத்தாள். அவர் அவளுடைய அப்பாவோடு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். கடல் தாண்டி எங்கோ பிறந்தவர். அப்பா போன பிறகு, நம்மவர் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் ஒற்றைப் பெட்டியோடு நின்றார். வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டு அழைத்து வந்தாள். அன்றிலிருந்து அவர் தும்மினால்கூட இவள்தான் பதில் சொல்ல வேண்டும்!

அந்த மனிதரை வெறுக்கவும் முடியாது. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பார். பால்காரர் வந்தாலும் தொப்பியைக் கழற்றிக் குனிவார். இவள் மகள் வேலைக்குக் கிளம்புமுன் அவளுடைய செருப்பைத் துடைத்து வாசலில் ஜோடியாக வைத்திருப்பார். ஆனால் அந்த வாய் இருக்கிறதே! மாமியார் அவித்த முட்டையைத் தின்றுவிட்டு "அருமை!" என்பார். மருமகள் சமைத்ததை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "மோசம், குட்டி. ரொம்ப மோசம்" என்பார். மாமியாருக்குக் கேட்க வேண்டுமா! "வெளிநாட்டு மனுஷனுக்கே தெரியுது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

இவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். ஆனால் நேற்று நடந்ததை எப்படிப் பொறுப்பது?

மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் பையனும் அவளும் மனசுக்குப் பிடித்துப் பழகியவர்கள். பையனின் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். முறையாகப் பேச வந்தவள், காபி குடித்தாள், சிரித்துப் பேசினாள். கிளம்பும்போது தொப்பிக்காரரைப் பார்த்து, "எங்க வீட்டுப் பொண்ணு எப்படி தாத்தா?" என்றாள்.

எங்க வீட்டுப் பொண்ணு! அந்த வார்த்தையிலேயே சம்மதம் இருந்தது. மகள் முகமெல்லாம் சிவந்து கதவோரம் ஒதுங்கினாள்.

தொப்பிக்காரர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். "சுத்த மோசம். சோம்பேறி. முகமும் சுமார்தான்" என்றார்.

நர்ஸம்மாவின் முகம் சுண்டிப்போனது. "போய் ஃபோன் பண்றேன்" என்று எழுந்து போனவள்தான்… மகள் இன்னும் சாப்பிடவில்லை.

யார் சொல்லிக்கொடுத்தது? மருமகளின் மனசு அதையே சுற்றிச் சுற்றி வந்தது. மாமியார் தன் மகள் மூலமாகப் பேத்திக்கு வேறொரு வரன் பார்த்து வைத்திருந்தாள். அது வேண்டாமென்று சொன்னதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் பின்வாசல் படியில் அவரை உட்காரவைத்துப் பழம் நறுக்கிக் கொடுத்தாளே… எதற்கு? இருவரும் சிரித்தார்களே… எதைச் சொல்லி?

"அத்தை, நேராவே கேக்கறேன். அவர்கிட்ட நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

கரண்டி தரையில் விழுந்தது. "நானா? என் பேத்தி வாழ்க்கையில நான் மண்ணைப் போடுவேனா? நீதான் சொல்லிக்கொடுத்திருப்ப! ஒத்தப் பொண்ணு… வீட்டைவிட்டு அனுப்ப உனக்கு மனசு வருமா?"

"அத்தை! பெத்தவளைப் பார்த்துப் பேசற பேச்சா இது?"

பஸ் ஓட்டும் கணவன் காக்கிச்சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தான். "போதும்! ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான் டியூட்டி முடிஞ்சு வர்றப்ப அந்த ஆள் இங்க இருக்கக் கூடாது. எங்க கொண்டுபோய் விடுவியோ, உன் பொறுப்பு!"

"என்னங்க… வயசானவர்…"

"உன் பொண்ணு அழறது உன் காதுல விழலையா?"

அவள் விறுவிறுவென்று தொப்பிக்காரரின் அறைக்கு நடந்தாள்.

அறைக்குள் நுழைந்தபோது தொப்பிக்காரர் ஏற்கெனவே பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். சுவருக்குக் காது இல்லாவிட்டாலும் அவருக்கு இருந்தது. கட்டிலில் ஒரு புகைப்படம். தன்னிடமிருந்த ஒரே நல்ல சட்டையை விரித்து, அதில் அந்தப் படத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கோபத்தோடு வந்தவள் தன்னையறியாமல் கேட்டாள். "யாரு இது?"

"என் பெண்டாட்டி. மோசமான பொம்பளை. சமைக்கத் தெரியாது. அழகே கிடையாது" என்றார். சொல்லிவிட்டு அந்தப் படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர் நிறைந்திருந்தது.

மோசம் என்று சொல்லிவிட்டு அழுகிறாரே! "தொப்பிக்காரரே… நிஜத்தைச் சொல்லுங்க. ஏன் அப்படிச் சொல்றீங்க?"

அவர் கூரையைப் பயத்தோடு ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க ஊர்ல நல்லதை நல்லதுன்னு வாயால சொல்ல மாட்டோம், குட்டி. மேல இருக்கிறவன் காதுல விழுந்தா எடுத்துப்பான். எது போயிடக் கூடாதோ, அதைத் திட்டுவோம். போனாப் போகட்டும்னு இருக்கறதைப் புகழுவோம். வெளியே விளக்கிச் சொன்னாலும் புகழ்ந்த மாதிரிதான். அதான் சொல்லலை."

"இதையெல்லாம் நீங்க நம்பறீங்களா?"

"சின்ன வயசுல நம்பலை. எனக்கு ஒரு மகள் இருந்தா. ஒருநாள் புதுக் கவுன் போட்டுக்கிட்டு வந்து நின்னா. அழகா இருக்கேடான்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு தடவை…" அவர் வாய் கோணிக்கொண்டது. "அந்த வாரமே காய்ச்சல்ல போயிட்டா. உன் பொண்ணு கதவு பக்கத்துல நின்னாளே நேத்து… எனக்குப் பயமா இருந்துச்சு, குட்டி."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் முகத்தைப் பதித்து அழுதாள். "மன்னிச்சுடுங்க… உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே… அத்தையையும் சந்தேகப்பட்டேனே!"

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மாமியார் மெல்ல உள்ளே வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கை பாதியில் நின்றது.

"இருங்க… அப்போ என் முட்டையை அருமைன்னு சொன்னது?"

தொப்பிக்காரர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் நர்ஸம்மா வந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை, உட்காரவுமில்லை. ஃபோனில் வேண்டாமென்று சொல்வது மரியாதையில்லை என்று நேரில் வந்திருக்கிறாள்… முகத்தைப் பார்த்ததும் மருமகளுக்குப் புரிந்துவிட்டது. வாய் திறக்கப் போனவளை மாமியார் கையால் தடுத்தாள். நடந்ததையெல்லாம் தானே சொன்னாள், தன் முட்டைக் கதை உட்பட.

நர்ஸம்மா கேட்டாள். நம்பினாளா, தெரியவில்லை. "நல்லாத்தான் சமாளிக்கிறீங்க" என்றாள் மெதுவாக. "அப்படின்னா இந்தம்மாவை என்ன சொல்வீங்க? உங்க மருமகளை?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை மருமகளைக் கரித்துக்கொட்டிய வாய் அது. இப்போது சட்டென்று திறக்கவில்லை. மாமியார் சமையலறை மூலையில் கிடந்த தையல் மிஷினைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

"மோசம்" என்றாள். "ரொம்ப… ரொம்ப மோசம்மா இவ… இந்த வீட்டுக்கு வந்த நாளா… மேல இருக்கிறவனே, இவ எனக்கு வேண்டவே வேண்டாம்…"

முடிக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மருமகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அத்தை… போதும் அத்தை… அழாதீங்க…" என்று சொன்னவளும் அழுதாள்.

நர்ஸம்மா கைப்பையை இறக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, கதவோரம் நின்ற பெண்ணிடம் போனாள். அழுது வீங்கிய அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"தாத்தா சொன்னது சரிதான்" என்றாள். "சுமாராத்தான் இருக்கே."