அண்ணாவுக்குப் பிறகு ஏழு தட்டு

மெட்டுப் போடுவது தனக்குக் கைவந்த கலை என்று வாலு தெருவெல்லாம் பீற்றிக்கொள்வாள். இன்று வசமாக மாட்டிக்கொண்டாள்.

எப்போதும் உம்மென்று இருக்கும் பக்கத்து வீட்டு உம்முதான் அவளுடைய உயிர்த்தோழி. உம்முவின் அண்ணன் வெளியூருக்குப் படிக்கப் போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்று அவன் பிறந்தநாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்வான். அவனுக்குப் பாடிக்காட்ட உம்மு ஒரு கவிதை எழுதியிருந்தாள்.

அறையில் இப்போது இடம் அதிகம்
அலமாரியிலும் இடம் அதிகம்
சண்டை போட ஆளே இல்லை
அண்ணா

வாலு தன் கீபோர்டை உம்முவின் அறைக்கே தூக்கி வந்து மெட்டுக் கட்டினாள். வரிக்கு எட்டுத் தாளத் தட்டு. மூன்று வரி ஜோராக வந்தது. நாலாவதில் ஒரே ஒரு வார்த்தை! மீதி ஏழு தட்டுக்கு எங்கே போவது?

"அண்ணா அண்ணா ஓடி வா, ஆட்டம் போட ஓடி வா!" என்று தானே சேர்த்துப் பாடினாள்.

உம்முவின் முகம் சிவந்துவிட்டது. "நான் அப்படி எழுதவே இல்லையே!"

"பாட்டுன்னா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்டி."

"பரீட்சை முடியாம அவன் எப்படி வருவான்? உன் பாட்டே வேணாம், போ!" தாளைப் பிடுங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

மணி ஐந்தரை. வாலுவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவள் அண்ணனுக்கு அவள் எழுதியது, நடுவில் நான் யார்?

"தப்புதான்டி. நீயே ஒரு தடவை படி. நான் வாயைத் திறக்கமாட்டேன்."

"நீயா? வாயைத் திறக்கமாட்டியா?"

"சத்தியமா!"

உம்மு படித்தாள். "அண்ணா" என்றதும் நிறுத்தி, அண்ணனின் காலிக் கட்டிலைப் பார்த்தாள். வாலு தொடையில் சத்தமில்லாமல் தட்டி எண்ணினாள். ஏழு தட்டு ஆனபிறகுதான் உம்மு மூச்சு விட்டாள்.

"அடி சக்கை! அங்கே வார்த்தையே வேணாம். நீ கூப்பிட்டுட்டு சும்மா இரு. நான் மெதுவா வாசிக்கறேன்."

ஆறு மணிக்குப் போன் அடித்தது. உம்மு ஸ்பீக்கரைப் போட்டுப் பாடினாள்.

"...சண்டை போட ஆளே இல்லை... அண்ணா..."

வாலு மெல்ல வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று...

"என்னடி குட்டி?" என்றது போன்.

"ஐயோ அண்ணா, இன்னும் நாலு தட்டு பாக்கி இருக்கு! பேசாம இருங்க!" என்று வாலு பதறினாள்.

உம்மு விழுந்து விழுந்து சிரித்தாள். "விடுடி. அந்த இடம் அவனுக்குத்தான்."

மறுபடியும் முதலிலிருந்து பாடினார்கள், இந்தத் தடவை மூன்று பேருமாக.