போடாத முளை

அந்த வீட்டில் அப்போது இருந்தவர்கள்:

விஜயபாண்டி. வீட்டுக்காரன். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல் இருக்க முடியாத ஆள்.

இவாஞ்சலின். பாலிடெக்னிக் மாணவி, மரவீடு கட்டும் முறையைக் கற்றுக்கொள்ள வந்திருப்பதாகச் சொன்னவள்.

டேப் பிடிக்க அவள் கூட்டி வந்த மாமா.

தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. நான்கு நாளைக்கு முன் அதற்குள் கிடந்தவன் விஜயபாண்டியின் அண்ணன் ராக்கப்பன். மேலே உத்திரம் விழுந்து... தலை இல்லை!

சுருளிப்பட்டி சாலையில், தேக்குச் சட்டம் போட்ட பழைய வீடு. புதுப்பிக்கிற வேலை பாதியில் நின்றிருந்தது.

மணி மூன்று.

நான்கு மணிக்கு இவாஞ்சலினின் அப்பாவை உத்தமபாளையம் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தச்சர் பலவேசம். உத்திரத்தைத் தூணோடு பிடிக்கும் மரமுளையைப் போட மறந்து ஓர் உயிரைக் கொன்றவர்! விஜயபாண்டி கொடுத்த புகார் அது.

"போட்டேன் தாயி... போட்டுட்டுத்தான் சாப்பிடப் போனேன்..."

காலையில் மகளிடம் லாக்கப் கம்பியில் முட்டிக்கொண்டு அழுதிருந்தார். யார் நம்புவது? இடிபாட்டில் முளை கிடைக்கவில்லை.

அவள் பலவேசத்தின் மகள் என்பது விஜயபாண்டிக்குத் தெரியாது. தெரிந்தால்...?

இவாஞ்சலின் நோட்டைத் திறந்தாள்.

"இரும்பு ஆணியே கிடையாதாண்ணே?"

"ஒண்ணுகூடக் கிடையாது. தூணையும் உத்திரத்தையும் மரமுளைதான் பிடிச்சிருக்கு. ஒரு முனை பெருசு, ஒரு முனை சிறுசு. சிறுசுல தட்டினாத்தான் கழலும். எழுதிக்க."

"விழுந்த உத்திரம் எங்கன இருந்துச்சு?"

"அங்கன. அந்தத் தூணு மேல."

அண்ணன் செத்த இடத்தைக் காய்கறிக்கடைக்கு வழி சொல்வது போலக் காட்டினான்.

கடிகாரம் மூன்று இருபது. இது பலிக்கவில்லை என்றால் வேறு வழியே இல்லை!

சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"முளையைக் கழட்ட... எல்லா இடத்துலயும்... கூடத்துப் பக்கம் நின்னு தட்டணும்..."

"எல்லாமில்ல பாப்பா."

"இல்லண்ணே, எங்க சார் சொன்னாக..."

"உங்க சாரு கிழிச்சாரு! மத்ததெல்லாம் அப்படித்தான். அந்தத் தூணுல மட்டும் மச்சுப் பக்கம் நின்னு தட்டணும். கூடத்துப் பக்கம் தட்டினா இன்னும் இறுகும்ல!"

பென்சில் நின்றது.

"அந்தத் தூணுலயா?"

"ஆமாங்கறேன்."

"அதுல எங்கப்பா முளையே போடலைன்னு புகார் எழுதிக் குடுத்தீகளே!"

"எங்கப்பா...வா?"

"பலவேசம் மக நான். அன்னைக்கு அவருக்கு முட்டிவலி. மச்சு ஏற முடியாம, கூடத்துச் சாரத்துல நின்னே மாத்தி அடிச்சுட்டாரு. போடாத முளைக்குச் சிறுசு எந்தப் பக்கம்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னாக?"

விஜயபாண்டியின் கை பக்கத்தில் கிடந்த சுத்தியலுக்குப் போனது.

அந்தக் கையை டேப் பிடித்த மாமா பிடித்தார்!

"விடுய்யா! நீ யாரு?"

"எஸ்.ஐ. கார்த்திக்ராஜ். நேத்துத்தான் இந்த ஸ்டேஷனுக்கு மாத்தலாகி வந்தேன், மப்டியில இருக்கேன். அரை மணி நேரம் கேட்டு இந்தப் புள்ள என் கால்ல விழுந்துச்சு. முளை எங்கடா?"

"அடுப்புல... எரிச்சுட்டேன்..." அவன் முகம் கோணியது. "வீட்டை இடிச்சு லாட்ஜ் கட்டுவோம்னேன். அண்ணன் மாட்டேன்னான். நான் மச்சுல தட்டுறேன்... பலவேசம்னு நினைச்சு, 'நல்லா அடிப்பா'ன்னு கீழ இருந்து சத்தம் குடுக்கிறான்..."

மணி நாலேகால். ஸ்டேஷன்.

லாக்கப்பிலிருந்து நொண்டிக்கொண்டே பலவேசம் வெளியே வந்தார். மகள் தோளைப் பிடித்துக்கொண்டார். விஜயபாண்டி உள்ளே போனான்.

கதவு அறைந்தது. பூட்டு விழுந்தது.

பலவேசம் திரும்பி நின்று, தொழில்காரப் பார்வையோடு அந்தக் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"முழுக்க இரும்பு தம்பி. எந்தப் பக்கம் நின்னு தட்டினாலும் கழலாது!"