முதலில் கரை, பிறகு கப்பல்

இப்போதெல்லாம் யாரும் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை. பாதி பார்த்ததுமே முழு அபிப்பிராயம் சொல்லிவிடுகிறார்கள். அதையும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பது கிடையாது. பார்க்கிறவர்கள் நான்கு பேர் என்றால் பேச்சு பத்துப் பேர் பேச்சாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததையே கேளுங்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற என் பேத்தி லிண்டா ஒரு சிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல அவ்வளவு கவனம்.

"தாத்தா, படம்! சுஹா குடுத்தா. அவ அண்ணன் பர்வேஸ் ராமநாதபுரத்துல இருந்து கொண்டாந்தது. சாயங்கால பஸ்சுல அவரு திரும்பிப் போறாரு. அதுக்குள்ள பாத்துட்டுக் குடுத்துரணும்."

"என்ன படம்?"

"கார்ட்டூன் தாத்தா. கப்பல் உடைஞ்சு தீவுல மாட்டிக்கிற மாலுமி கதை. ரொம்பப் பழைய கதை. அதைப் படமா எடுத்துருக்காங்க."

"எந்தத் தியேட்டர்ல ஓடுச்சு?"

"தியேட்டருக்கு வரல. நேரா சிடியாவே வந்துச்சு."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல மீன் என்றால் ஏலத்துக்கு வரும். ஏலத்துக்கு வராமல் நேராக வீட்டு வாசலுக்கு வருகிற மீனை நான் மோந்து பார்க்காமல் வாங்க மாட்டேன். அட்டையை வாங்கிப் பார்த்தேன். மாலுமி ஒரு மூலையில் சின்னதாக நின்றான். நடுவில் பெரிய குரங்கு ஒன்று தொப்பி போட்டுக்கொண்டு பல்லைக் காட்டியது.

"கதையில குரங்கு உண்டா?"

லிண்டா கொஞ்சம் தயங்கினாள். "கிடையாது. இவங்களா சேத்துருப்பாங்க."

"அப்படிச் சொல்லு! அதான் தியேட்டர்ல விடல."

ஆனால் அவளுக்கு அந்தப் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுடைய டீச்சர் இந்தக் கதையை வெள்ளிக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வந்தார். மாலுமி தீவில் தன்னந்தனியாக நிற்கிறான். அங்கே கதையை நிறுத்திய டீச்சர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அவன் வீடு திரும்பினானா, இல்லையா? லிண்டாவுக்குத் தெரியாது. மற்றவர் வாயால் தெரிந்துகொள்ளவும் அவளுக்கு இஷ்டமில்லை. படத்தைப் பார்த்துவிட்ட அவள் சிநேகிதி சுஹா முடிவைச் சொல்ல வந்தபோது, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவில் ஓடியவள் இவள்.

வீட்டில் அப்போது என் மருமகள் புஷ்பமேரி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த தெருவில் குடியிருக்கிற என் மகள் அமலி வந்திருந்தாள். லிண்டாவின் தம்பி ஜோவன், ஐந்து வயது, என் மடியில் கிடந்தான். என் மகன் ஜெயபால் மட்டும் இல்லை. விடிவதற்கு முன்பே படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனவன், சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காற்றும் கொஞ்சம் பலமாக அடித்தது.

"வலை எடுக்க நேரமாயிருக்கும்," என்றேன்.

"ஆமா மாமா," என்றாள் புஷ்பமேரி. சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள்.

படம் தொடங்கியது. மாலுமி அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கப்பலில் ஏறினான். பேச்சும் தொடங்கியது.

"பாட்டு நல்லாருக்கு," என்றாள் அமலி.

"கடலுக்குப் போறவன் சோத்துத் தூக்கு எடுத்துட்டுப் போகலையே?" என்றாள் புஷ்பமேரி.

"குரங்கு எப்ப வரும்?" என்றான் ஜோவன்.

"கடலு என்னடி சொட்டுநீலம் கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு?" என்றேன் நான்.

"பேசாமப் பாருங்க!" என்றாள் லிண்டா.

"நான் எங்க பேசுனேன்? அவங்கதான்," என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஒரு தீவுக்குப் பக்கத்தில் கப்பலை நிறுத்தி நங்கூரம் போட்டார்கள். கயிற்றில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"இது என்ன முடிச்சு? சடையில ரிப்பன் கட்டுன மாதிரி! ஒரு அலைக்குத் தாங்குமா இது?"

"தாத்தா!"

அப்புறம் வானம் கறுத்தது. காற்று ஊளையிட்டது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உடனே அமலி பாய்ந்து வந்து ரிமோட்டைப் பிடுங்கி ஒரு பட்டனை அமுக்கினாள். படம் அப்படியே நின்றுவிட்டது. சாய்ந்த கப்பலும் சாய்ந்தபடியே நின்றது. அது இன்னும் மோசம். என் தோளில் கிடந்த துண்டை உருவி டிவியின் மேல் போட்டு மூடினாள்.

"ஏன் அத்தை?" லிண்டாவுக்கு அழுகை முட்டியது.

"எங்கண்ணன் கடல்ல கெடக்கையில வீட்டுக்குள்ள கப்பல் கவுறதா? நல்லாருக்கே நியாயம்!"

எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் உண்டு. ஆள் கடலில் இருக்கும்போது கவிழ்ந்தது, மூழ்கியது என்ற பேச்சையே எடுக்க மாட்டோம். கழுவிய சட்டியைக்கூடப் புஷ்பமேரி கவிழ்த்து வைக்க மாட்டாள். ஆனால் அதற்கும் கார்ட்டூனுக்கும் என்ன சம்பந்தம்?

"டிவியில கவுந்தா கடல்ல கவுந்துருமா?" என்று சத்தம் போட்டேன். "அது பெயிண்டுல வரைஞ்ச கப்பல்!"

"அப்ப நீங்களே போடுங்கய்யா," என்று அமலி ரிமோட்டை என் கையில் வைத்தாள்.

ரிமோட்டைப் பார்த்தேன். பட்டன் எல்லாம் பொடிப்பொடியாக இருந்தது. கண் சரியாகத் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"கண்ணு தெரியலையாம்," என்றாள் அமலி. "நங்கூரக் கயித்து முடிச்சு மட்டும் நல்லாத் தெரிஞ்சுச்சு."

"அந்த இடத்தை மட்டும் வேகமா ஓட்டிருறேன்மா," என்று லிண்டா கெஞ்சினாள்.

"வேண்டாம்டி. வேகமா மூழ்கும்," என்றாள் புஷ்பமேரி.

"சுஹா வீட்டுல போய்ப் பாக்கவா?"

"எங்கன பாத்தாலும் பாக்குறது அவரு மகதானே?" என்றாள் புஷ்பமேரி. "அப்பா வரட்டும், அப்புறம் பாரு."

"அப்பா வாரதுக்குள்ள பஸ் போயிருமேம்மா!"

இந்த நேரம் பார்த்து ஜோவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "தாத்தா, அந்தக் கப்பல்ல அப்பா இருக்காரா?"

"ஏலே, அது கார்ட்டூனுடா!"

இவ்வளவு நேரம் வாயை மூடச் சொன்னபோது மூடாதவர்கள் இப்போது மூடிக்கொண்டார்கள். புஷ்பமேரி எழுந்து உரித்த இறாலைக் கழுவினாள். கழுவிவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து அதே இறாலை மறுபடியும் கழுவினாள்.

வேறு பிள்ளையாக இருந்தால் காலை உதைத்துக்கொண்டு தரையில் உருண்டிருக்கும். லிண்டா உருளவில்லை. சிடி அட்டையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "கப்பல் கவுந்தாத்தானே கெட்டது? கரைக்கு வந்துட்டா நல்லதுதானே?"

"கரைக்கு வந்துட்டா வேற என்ன வேணும்?"

"அப்ப முதல்ல கரையைப் பாப்போம். கடைசிய முதல்ல போடுறேன். மாலுமி நம்ம வீட்டுக்குள்ள பத்திரமா வந்து எறங்கிறட்டும். அதுக்கப்புறம் கப்பல் உடைஞ்சா என்ன? அவருதான் வந்துட்டாருல்ல?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஏப்பம் விட்டுவிட்டு அப்புறம் சாப்பிட உட்காருகிற மாதிரி இருந்தது.

"ஏ பிள்ள, முடிவு தெரியக் கூடாதுன்னுதானே காதைப் பொத்திக்கிட்டு அலைஞ்சே?" என்றேன்.

"பரவால்ல தாத்தா," என்றாள். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அமலி சும்மா இருப்பாளா? "முடிவுல அவன் வராட்டி?" என்று கேட்டாள்.

இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. லிண்டா யோசித்தாள். "எல்லாரும் செவத்தைப் பாத்துத் திரும்பி உக்காருங்க. நான் மட்டும் சத்தமில்லாமப் பாக்குறேன். அவரு வராட்டி டிவிய அமத்திருவேன். யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன்."

புஷ்பமேரி திரும்பி உட்கார்ந்தாள். அமலியும் ஜோவனைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். நான் திரும்பவில்லை. என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தது ஒரே ஒரு ஆள்தான், இரண்டாம் வகுப்பு வாத்தியார். அன்றோடு நான் பள்ளிக்கூடத்துக்கே முழுக்குப் போட்டுவிட்டேன்.

லிண்டா துண்டை எடுத்தாள். எதையோ அமுக்கினாள். திரையில் சின்னச் சின்னப் படங்களாக வரிசைகட்டி நின்றன. கடைசிப் படத்தைத் தேடி அமுக்கினாள்.

ஒரு துறைமுகம் வந்தது. கரையில் கூட்டம். பெரிய கப்பல் ஒன்று வந்து நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராகப் பலகை வழியாக இறங்கினார்கள். கரையில் நின்றவர்கள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மாலுமியின் அம்மா மட்டும் தனியாக நின்றாள். குரங்கு குதித்து இறங்கியது. அதற்குப் பிறகு பலகையில் யாரும் இல்லை.

லிண்டா ரிமோட்டை இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய கட்டைவிரல் அமத்துகிற பட்டனுக்கு மேல் நின்றது. எனக்கு அந்தப் படம் எடுத்தவர்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குரங்கை இறக்கத் தெரிந்தவர்களுக்கு ஆளை இறக்கத் தெரியாதா?

அப்போது பலகையில் ஒரு கால் தெரிந்தது. பிறகு தாடி. பிறகு மாலுமி.

"அம்மா, வந்துட்டாரு!"

புஷ்பமேரி சட்டென்று திரும்பினாள். முதலில் வாசலைத்தான் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பிறகுதான் டிவியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து, "இன்னொரு தடவை போடுடி," என்றாள்.

அந்த மாலுமி எங்கள் வீட்டில் மூன்று தடவை கரை இறங்கினான். அதற்கும் அபிப்பிராயம்!

"ஆளு ரொம்ப மெலிஞ்சுட்டான்."

"அந்த அம்மா அழுததெல்லாம் போதும். முதல்ல சோத்தைப் போடச் சொல்லு."

"குரங்கு ஏன் இன்னும் தொப்பியக் கழட்டல?"

பிறகு லிண்டா படத்தை முதலில் இருந்து போட்டாள். மறுபடியும் பாட்டு. மறுபடியும் சொட்டுநீலம். மறுபடியும் அந்தக் கேடுகெட்ட முடிச்சு. வானம் கறுத்தது, கப்பல் சாய்ந்தது. இந்தத் தடவை ஒருவரும் பாயவில்லை. அமலி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"சாயட்டும், சாயட்டும். அதான் வந்துட்டான்ல," என்றாள்.

"குரங்கும் வந்துரும்," என்று ஜோவன் எனக்கு விளக்கினான்.

"உனக்குத்தான் முடிவு தெரிஞ்சுபோச்சே பிள்ள, இன்னும் என்னத்தப் பாக்குறே?" என்று லிண்டாவிடம் கேட்டேன்.

அவள் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்படி வந்தாருன்னு இன்னும் தெரியாதே தாத்தா!"

அந்த நேரத்தில் புஷ்பமேரியின் போன் அடித்தது. ஜெயபால்தான். காற்றுச் சத்தத்தோடு அவன் குரல் எனக்கே கேட்டது.

"கரைக்கு வந்துட்டேன். படகு இஞ்சின் காத்தாடியில பழைய வலை ஒண்ணு சுத்திருச்சு. அதை அறுத்து எடுக்க நேரமாயிருச்சு. மீனு நெறைய பட்டுருக்கு. அய்யாவக் கொஞ்சம் வரச் சொல்லு, வலையில இருந்து கழட்டணும்."

புஷ்பமேரி போனை வைத்தாள். ஒரு பெரிய மூச்சு விட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா மாமா!"

"என்னத்த?"

"எல்லாம் நம்ம லிண்டாவாலதான்," என்றாள் அமலி. "முதல்ல கரையக் காட்டுனா, அண்ணனும் கரைக்கு வந்துருச்சு."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. "அவன் காத்தாடியில சுத்துன வலைய அறுத்தான், வந்தான். கத்தி இருந்துச்சு, வந்தான். குரங்குப் படத்தைப் பின்னால இருந்து ஓட்டுனதுக்கா வந்தான்?"

"இனிமே அண்ணன் கடலுக்குப் போறப்பல்லாம் அந்தக் கடைசியப் போட்டுறணும்," என்று அமலி சொல்லிக்கொண்டே போனாள். நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

"சிடிய சாயங்காலம் குடுக்கணும் அத்தை," என்றாள் லிண்டா.

"பர்வேஸ் தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

இவர்களிடம் பேசிப் பயனில்லை. டிவிக்குப் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் காற்று ஊளையிட்டது, டிவிக் காற்று. ஏதோ மடமடவென்று முறிந்தது. உடனே லிண்டா வாசல்வரை ஓடிவந்து கத்தினாள்.

"தாத்தா! தாத்தா! நீங்க சொன்ன மாதிரியே அந்த முடிச்சு அவுந்துருச்சு! அதனாலதான் கப்பலே உடையுது! வந்து பாருங்க!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னபோது யார் கேட்டார்கள்? தியேட்டருக்கே வராத படம் அது. கரையில் என் மகன் நிற்கிறான், வலை நிறைய மீன் கிடக்கிறது. என் கண்ணால் பார்க்கிற வரைக்கும் நான் எதையும் நம்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தேன்.