நுரை வராத பொடி

செங்குன்றம் குடியிருப்பில் திங்கட்கிழமை துணி துவைத்த தண்ணீரைப் புதன்கிழமை குடிப்பார்கள். அதில் யாருக்கும் அருவருப்பு கிடையாது. செவ்வாய் கிரகத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் உயிரோடு இருக்க வேறு வழியும் கிடையாது. துவைத்த தண்ணீர் நுண்ணுயிர்த் தொட்டிக்குப் போகும். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதில் உள்ளதையெல்லாம் தின்று தீர்க்கும். மிச்சம் காலைக் காபியாக வந்து சேரும்.

அந்தத் தொட்டிக்கும் துவைகூடத்துக்கும் பொறுப்பு பொற்கொடி. ஐம்பத்தாறு வயது வேதியியலாளர். ஊரே தூங்கினாலும் அவளுக்கு ஒரே ஒரு உப்பைப் பற்றிய கவலை தூங்காது. செவ்வாயின் சிவப்புத் தூசியில் பெர்குளோரேட் என்ற உப்பு கலந்திருக்கிறது. வெளியே போய் வருகிறவர்களின் கவசத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும், சட்டையில் ஏறும், மூச்சிலும் சோற்றிலும் கலக்கும். உடம்புக்குள் போய்விட்டால், தைராய்டு சுரப்பிக்குப் போகவேண்டிய அயோடினை வழியிலேயே மறித்துவிடும். பெரியவர்களுக்கு அது வெறும் சோர்வு. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கோ மூளை வளராது.

பொற்கொடியின் ஒரே மகள் இளமதி கவசம் கழற்றும் அறையில் வேலை பார்த்தாள். வெளியிலிருந்து வருகிறவர்களின் தூசியெல்லாம் முதலில் அவள் மேலங்கியில்தான் விழும். இப்போது அவளுக்கு நாலாம் மாதம். போன தடவை ஐந்தாம் மாதத்தில் எல்லாம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் தாயும் மகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இந்தப் பிள்ளையாவது பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர பொற்கொடிக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அந்த உப்பைத் துணியிலிருந்து விரட்டவே அவள் ஆறு வருடம் உழைத்து ‘மூன்றாம் கலவை’யைச் செய்திருந்தாள். கறையைக் கத்தரிக்கும் நொதிகள், தூசியைப் பிடித்து இழுக்கும் கொஞ்சம் சோப்புச் சத்து, அவ்வளவுதான். நுரை வராது. வாசமும் கிடையாது. துணி துவைத்த பிறகு பச்சைத் தண்ணீர் மாதிரி மணக்காமல் கிடக்கும். ஊருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பூமியிலிருந்து வந்த சரக்குக் கப்பலில் ஒரு நுரைப்பொடி வந்து இறங்கியது. தொட்டாலே நுரை பொங்கியது. பெட்டியைத் திறந்தால் பத்தடிக்கு மணந்தது. அதோடு புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பி வீசும் ஒரு சாயமும் சேர்த்திருந்தார்கள். அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும், கண்ணுக்கு மட்டும் வெள்ளைவெளேரென்று தெரியும். அந்த நுரை தொட்டிக்குப் போனால் உப்பைத் தின்னும் பாக்டீரியாக்கள் ஒரு வாரத்தில் செத்து மிதக்கும் என்பது பொற்கொடிக்குத் தெரியும்.

அவள் ஊர்க்கூட்டத்தில் இரண்டு மேலங்கிகளை மேசையில் விரித்தாள். ஒன்று மூன்றாம் கலவையில் துவைத்தது, மற்றது நுரைப்பொடியில். ஒட்டியிருக்கும் தூசியை அளக்கும் துகள்மானியை வைத்து எல்லோருக்கும் காட்டினாள். முதலாவது நான்கு. இரண்டாவது நூற்று அறுபது.

குடியிருப்புத் தலைவர் அந்தோணிராஜ் இரண்டையும் கையில் எடுத்தார். எண்ணைப் பார்க்கவில்லை. முகர்ந்து பார்த்தார்.

“பொற்கொடியம்மா, நீங்க சொல்ற நம்பர் சரியாத்தான் இருக்கும். ஆனா இதப் போட்டுக்கிட்டா துவைச்ச மாதிரியே இல்லைங்களே. அத மோந்து பாருங்க, சும்மா கும்முன்னு இருக்கு.”

“ஐயா, நுரைங்கறது வெறும் காத்து. அது அழுக்க எடுக்காது.”

“எங்கம்மா காலத்துலேருந்து நுரை வந்தாத்தான் அழுக்கு போகும். எல்லாரும் என்ன சொல்றீங்க?”

எல்லோரும் நுரைப்பொடிக்கே கையைத் தூக்கினார்கள். கூட்டத்தின் நடுவில் இளமதியின் கையும் இருந்தது.

அன்று பொற்கொடி ஆய்வுக்கூடத்தைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் ஏமாற்றுவது என்று முடிவு செய்தாள். சலவை எந்திரங்களின் கதவில் இருந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சோப்பு நீரை அடைத்து, ஒரு குட்டிப் பம்பைப் பொருத்தினாள். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு உள்ளே நுரை பொங்கிக் குதிக்கும்; துணிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. துவைப்பதென்னவோ மூன்றாம் கலவைதான். கடைசிக் கட்டத்தில் மட்டும், தொட்டிக்குத் தீங்கில்லாத மல்லிகை வாசத்தை ஆவியாகத் துணியின் மீது அடிக்கச் செய்தாள். நுரைப்பொடிப் பெட்டிகளைக் கிடங்கில் பூட்டினாள்.

ஊருக்கு மனம் குளிர்ந்துபோனது. பிள்ளைகள் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து நுரையை வேடிக்கை பார்த்தார்கள். அந்தோணிராஜ் கூட்டம் போட்டுப் பாராட்டினார். தொட்டியில் பாக்டீரியாக்கள் சௌக்கியமாக இருந்தன. பொய் சொன்னாலும் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று பொற்கொடி முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

பொய் நுரை தொடங்கிய ஏழாவது வாரம் மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். இளமதியின் இரத்தத்தில் அந்த உப்பு மூன்று மடங்கு ஏறியிருந்தது. தைராய்டு சுரப்பு பாதியாகக் குறைந்திருந்தது. இப்படியே இன்னும் இரண்டு வாரம் போனால் குழந்தையைப் பற்றித் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார்.

பொற்கொடி நேரே துவைகூடத்துக்குப் போனாள். தொட்டியைச் சோதித்தாள், சுத்தம். கலவையைச் சோதித்தாள், குறையில்லை. கடைசியில் சலவை எந்திரங்களின் நினைவுப் பதிவைத் திறந்தாள். பழுது பார்க்க வசதியாக ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்திருந்தாள். முழுச் சலவைக்கு இரண்டு மணி நேரம். வாச ஆவிக்கு மூன்று நிமிடம். வரிசையில் நிற்கச் சலித்த எவரோ கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் சொல்லி ஒருவர், ஊர் முழுக்கப் பழகிவிட்டது. ஒரு மாதமாகச் செங்குன்றத்தில் யாருடைய சட்டையும் தண்ணீரில் நனையவே இல்லை. இளமதியின் மேலங்கி நனைந்து முப்பத்தெட்டு நாள்.

அவள் மகளின் அறைக்கு ஓடினாள். இளமதி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மேலங்கி கட்டிலில் மல்லிகையாய் மணந்து கிடந்தது. பொற்கொடி துகள்மானியை அதன் மேல் வைத்தாள். அறுநூற்றுப் பத்து என்று காட்டியது.

“இத இனிமே போடாத. இது துவைக்கவே இல்ல.”

“காலையிலதாம்மா மெஷின்லேருந்து எடுத்துட்டு வந்தேன். மோந்து பாரு.”

“அது நான் அடிச்ச வாசம்டீ. அதுல அழுக்கு போகாது. அந்த நுரையும் பொய்தான், கண்ணாடிக்குள்ள இருக்கறது. உங்களுக்காகத்தான் செஞ்சேன். உன் பிள்ளைக்காக.”

இளமதி அம்மாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் பொற்கொடிக்குத் தாங்கவில்லை.

“ஊரையே ஏமாத்திருக்க.”

“தப்புதான். ஆனா இந்த எண்ணப் பாரும்மா. அறுநூத்திப் பத்து.”

“நுரையவே பொய்யாக் காட்டினவ நீ. இந்த நம்பர மட்டும் நான் எப்படிம்மா நம்பறது?”

இளமதி மேலங்கியை எடுத்தாள். மூக்கில் வைத்து ஆழமாக முகர்ந்தாள். சந்தேகம் தீர்ந்தவள் போல அதை வயிற்றின் மேல் இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.