குண்டு மாட்ஸின் வாய்

அந்த வாயிலிருந்து காற்று வெளியே வந்தது. போடில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

காற்று உள்ளேதான் போக வேண்டும். கோபன்ஹேகனில் வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். லின்டஹேவன் கேளிக்கைத் தோட்டத்தில் குடை ராட்டினத்துக்கும் ஏரிக்கும் நடுவே, வெள்ளைத் தொப்பியும் சிவப்புக் கன்னமுமாகத் தொந்தியைத் தள்ளிக்கொண்டு ஒரு மரச் சமையல்காரன் உட்கார்ந்திருப்பான். அவன் வாயருகே காகிதத்தைக் கொண்டுபோனால் வயிற்றுக்குள் இருக்கும் விசிறி அதை லபக்கென்று உறிஞ்சிக்கொள்ளும். குப்பைத் தொட்டிதான் அது, ஆனாலும் குண்டு மாட்ஸ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். போடிலும் சின்ன வயதிலிருந்து அதற்கு எதையாவது ஊட்டியிருக்கிறாள். இன்று காகிதக் கைக்குட்டையில் சுருட்டிய ஒன்றை உள்ளே விட்டதும் அது சத்தமில்லாமல் போயிற்று. பிறகு அவள் மணிக்கட்டின் மேல் வெதுவெதுப்பாக, ஈரமாக, ஒரு மூச்சு படிந்தது.

தோட்டம் முழுக்கச் சர்க்கரைப் பாகில் வறுபடும் பாதாமின் வாசனையும், நவம்பர் மழையில் நனைந்து அழுகும் லின்டன் இலைகளின் வாசனையும் கலந்து கிடந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. அது போடிலுக்குப் பழக்கமான வாடை. பல் மருத்துவருக்கு உதவியாளாக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். காலையில் முதல் ஆளாக வந்து நாற்காலியில் சாய்ந்து, ஈறு வீங்கிய வாயைத் திறப்பவரிடமிருந்து வருமே, அந்த வாடை.

"என்ன ஆச்சு?" என்றான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஹோல்கர். அவன் வாயிலிருந்து அது "எங்ங ஆக்கு" என்று வந்தது. பாதி நாக்குதான் அவனுக்கு இப்போது.

"ஒண்ணுமில்ல. கை கழுவிட்டு வரேன். நீ இங்கயே இரு."

"நான் எங்க ஓடப் போறேன்? ரயிலையே குடுத்துட்டு வந்தாச்சு."

முப்பது வருடம் ரயில் ஓட்டியவன். ஜனவரி மாதம் நாக்கில் புற்று என்றார்கள். வெட்டினார்கள், கதிர்வீச்சு கொடுத்தார்கள். அதில் எச்சில் சுரப்பிகள் கருகிப்போயின. இனி வாயில் ஈரம் ஊறாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். எட்டு மாதம் வயிற்றில் துளைத்த குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அந்தக் குழாயைத் துடைத்து, அடைப்பு எடுத்து, சீழ் வைத்தால் கழுவி எல்லாம் செய்தது போடில்தான். ஒரு நாளும் அவளுக்குக் குமட்டியதில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு குழாயை எடுத்தார்கள். எடுத்த அன்றே ஹோல்கர் சொல்லிவிட்டான், லின்டஹேவனுக்குப் போக வேண்டும், அங்கே பன்றி வறுவல் ரொட்டி சாப்பிட வேண்டும் என்று.

இன்று மதியம் சாப்பிட்டான். மொறுமொறுவென்ற தோலை எடுத்துவிட்டு, கொழுப்பும் சிவப்புக் கோஸுமாக ஒரு வாய் வைத்தான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான். காய்ந்த வாயில் அது உருண்டு உருண்டு சாம்பல் நிறப் பசையாயிற்று, விழுங்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்ட, காகிதத்தில் துப்பி அவளிடம் நீட்டினான். அதை வாங்கியபோதுதான் போடிலுக்கு முதல் தடவையாகக் குமட்டியது. உதடு சுளித்தது. ஒரு நொடிதான். அந்த நொடியில் ஹோல்கர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காகிதத்தைத்தான் அவள் குண்டு மாட்ஸின் வாயில் போட்டாள்.

கழிப்பறைக்கு வெளியே குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் மணிக்கட்டில் வழவழப்பு போகவில்லை. பக்கத்தில் தோட்டத்துச் சீருடை போட்ட ஒரு பெண் குப்பைப் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சட்டையில் யுத்தெ என்று பெயர் தைத்திருந்தது.

"அந்தக் குண்டு மாட்ஸ் ரிப்பேரா?" என்று போடில் கேட்டாள். "காத்து வெளிய அடிக்குது. நாறுது வேற. உள்ள இருக்கற பையை மாத்தி ரொம்ப நாள் ஆச்சு போல."

யுத்தெ பைக்கு முடிச்சுப் போட்டபடியே சொன்னாள்: "அதுக்கு ஏது பை? பின்னால போய்ப் பாருங்க, திறக்கறதுக்குக் கதவே கிடையாது."

"அப்ப குப்பைய யார் எடுப்பாங்க?"

"நான் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. யாரும் எடுத்துப் பாத்ததில்ல." அவள் வண்டியைத் தள்ளத் தொடங்கினாள். "நெறஞ்சாத்தானே எடுக்கணும்?"

போடில் வேகமாகத் திரும்பி நடந்தாள். மணி நான்கு கூட ஆகவில்லை, அதற்குள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ராட்டினத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். காற்றில் அது உப்பியும் சுருங்கியும் படபடத்தது. மழை நாள் என்பதால் கூட்டமே இல்லை. பெஞ்சு காலியாக இருந்தது. ஹோல்கர் குண்டு மாட்ஸின் முன்னால் முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் மீதியிருந்த ரொட்டித் தட்டு. இன்னொரு கை முழங்கை வரை அந்த வாய்க்குள்.

"ஹோல்கர்!"

"ஷ்ஷ்," என்றான். "கேளு. மெல்லுறான்."

கேட்டது. விசிறியின் சத்தம் இல்லை அது. மெதுவாக, பொறுமையாக, ஈரத்தில் ஈரம் ஒட்டிப் பிரியும் சத்தம். இடையில் நின்று, எதையோ ஒதுக்கிக்கொண்டு, மறுபடி தொடங்கும் சத்தம். அவள் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். கை வெளியே வந்தது. கோட்டுக் கை நனைந்து பளபளத்தது. விரல் நுனியிலிருந்து ஒரு கம்பி போல எச்சில் நீண்டு, தொய்ந்து, அறுந்தது.

தன் கைக்குட்டையால் அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் துடைத்தாள். பிறகு அவனை ஏரிக்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள். பாதையோரக் காகித விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ஏரியில் கொழுத்த கெண்டை மீன்கள் விளக்கு வெளிச்சத்துக்கு மேலே வந்து வெறும் காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"போடில்," என்றான் ஹோல்கர். நின்றுவிட்டான். "எனக்கு வாய் ஊறுது."

"என்ன?"

"வாய் ஊறுதுடி. பாரு."

அவன் கீழுதடு மினுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு மோவாயில் இறங்கியது. எட்டு மாதமாக அவள் வேண்டிக்கொண்டது அதுதான். சந்தோஷத்தில் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். ஆனால் அந்த எச்சில் கெட்டியாக, லேசாகப் பழுப்பாக இருந்தது. அதிலிருந்து அந்த வாடை வந்தது.

"பசிக்குது," என்றான் அவன். கண்கள் கலங்கின. "எவ்வளவு நாளாச்சு தெரியுமா, எனக்குப் பசிச்சு? இன்னொரு தடவை போயிட்டு வந்துடறேன்."

"வேண்டாம். வீட்டுக்குப் போலாம். சூப் வச்சுத் தரேன்."

"உன் சூப்பு," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "சரி, போலாம். ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்."

வாசலுக்குப் பக்கத்தில் இருந்த கழிப்பறைக்குள் அவன் போனான். கழுத்துத் துணியை அவளிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் அதைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். பாதாம் வறுக்கும் கடைக்காரர் அடுப்பை அணைத்துக் கதவை இறக்கினார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஆண்கள் பக்கம் எட்டிப் பார்த்தாள். குழாய் திறந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. அந்தப் பக்கக் கதவு தோட்டத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

வெளிவாசல் இருபதடி தூரத்தில் இருந்தது. அதற்கு அப்பால் சாலை, பஸ், சைக்கிளில் வீடு திரும்பும் மனிதர்கள். போய்விடலாம், காவலாளியிடம் சொல்லலாம், யாரையாவது அனுப்பலாம். அவள் கால்கள்கூட அந்தப் பக்கம் திரும்பின. அப்போது மதியம் அவன் தன்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அடி வாங்கியதைப் போன்ற அந்தப் பார்வை. போடில் தோட்டத்துக்குள் நடந்தாள்.

சத்தம் முதலில் வந்தது. லின்டன் வேலியைத் தாண்டும் முன்பே. மெல்லும் சத்தம் இல்லை இப்போது. விழுங்கும் சத்தம்.

ஹோல்கர் மண்டியிட்டிருந்தான். தலையும் தோளும் குண்டு மாட்ஸின் வாய்க்குள் இருந்தன. முதுகு ஏறி இறங்கியது. கைகள் இரண்டும் அந்தத் தொந்தியை, பால் குடிக்கும் கன்று மடியை முட்டுவதுபோல், மெல்ல அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தன. தொந்தி அமுங்கியது. மரம் அமுங்கியது. சிவப்புச் சாயம் பூசிய கன்னங்கள் குழிந்தன, உப்பின, குழிந்தன.

போடில் அவனிடம் ஓடினாள்.

அவன் இடுப்பைக் கட்டி இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். உறிஞ்சிக்கொண்டிருந்தது விடுபடும் ஓசையோடு அவன் வெளியே வந்தான்.

முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. புருவத்தில் நிணம். மூக்கில் நிணம். காதுமடலில் சிவப்புக் கோஸின் ஒரு நார். கண்கள் பாதி மூடி, பால் குடித்து முடித்த குழந்தையின் கண்களைப் போல் நிறைந்து கிடந்தன.

"போடில்," என்றான். தெளிவாகச் சொன்னான். ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. "எல்லாத்தையும் மென்னு வச்சிருக்கான். நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். சூடா இருக்கு."

"எழுந்திரு. ஹோல்கர், எழுந்திரு."

"நீயும் மத்தியானத்துலேர்ந்து சாப்பிடல."

"எனக்குப் பசிக்கல."

அவன் எழுந்தான். மறுபடி அந்த வாய்க்குள் குனிந்தான். நீண்ட நேரம் இல்லை. நிமிர்ந்தபோது கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. உதட்டை இறுக்கி மூடியிருந்தான். ஓரத்தில் கசிந்தது.

அவள் பின்வாங்கவில்லை. பின்வாங்க நினைத்தாள். அவன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உதடு சுளிக்கிறதா என்று, அது ஒன்றை மட்டும், கண் கொட்டாமல். அவள் சுளிக்கவில்லை. முழுப் பலத்தையும் கொண்டு முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டாள்.

அவன் இரண்டு கைகளாலும் அவள் முகத்தை ஏந்தினான். அன்பாகத்தான் ஏந்தினான். கட்டைவிரல்கள் ஈரமாக அவள் கன்னத்தில் ஊர்ந்து, காதுக்குக் கீழே, தாடை எலும்பு பொருந்தும் குழியில் போய் நின்றன. வாயைத் திறக்க மறுக்கும் பிள்ளைகளுக்கு அவளே ஆயிரம் தடவை அழுத்திய இடம்.

அழுத்தினான்.

அவள் பற்கள் பிரிந்தன. தாடை இறங்கியது. அவன் தோளுக்குப் பின்னால் அந்த மர வாய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அகலத் திறந்து காத்திருந்தது. ஹோல்கரின் முகம் நெருங்கி வந்தது. மூக்கோடு மூக்கு உரசியது. உதடு உதட்டின் மேல் பொருந்தியது. அவள் நாக்கின் மேல் வெதுவெதுப்பாக, கெட்டியாக, அது இறங்கத் தொடங்கியது.