பத்தொன்பது நாள் வெயில்

நனையாத நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதிலும் ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தது.

மலேசியாவின் குளுவாங் பஸ் நிலையம். ஜனவரி மழை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றவனை லோஷினி முறைத்தாள்.

"பெட்டிக்குக் கால் வலிக்குதா?"

அவன் திரும்பினான். மழைத்துளி தங்கிய இமைகள்... ஓர் ஆம்பளைக்கு எதற்கு இவ்வளவு நீளமான இமை என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ஈரம் படக்கூடாத சாமான்ங்க. நானே நின்னுக்கிட்டுதானே இருக்கேன்."

"அப்ப அதுக்குச் சூடா ஒரு தே தாரேக் டீ சொல்லுங்க லா. பாவம், குளிரும்."

அவன் சிரித்துவிட்டான். பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "உட்காருங்க. யோங் பெங் வெள்ளத்துல என் கார் படுத்துருச்சு. காஹாங் பஸ் எப்ப வரும்?"

"வரும்போது வரும். நானும் அங்கதான்."

"நான் அழகப்பன். வீட்ல அழகுன்னு கூப்பிடுவாங்க."

"வீட்ல கூப்பிடுவாங்க. வெளியில யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கடைசியாக எப்போது சிரித்தோம்... ஞாபகமில்லை.

"காஹாங்ல என்ன வேலை?"

"அங்க ஸ்கூல் கூரையில வெயில் அளக்குற கருவி ஒன்னு இருக்கு. அதோட ஒரு வருஷப் பதிவைச் சரிபார்க்கப் போறேன்."

சிரிப்பு நின்றது. அது அவளுடைய கருவி.

நம் வெயிலை அளக்கக்கூட வெளியிலிருந்து ஆள் வர வேண்டுமா, இந்த வட்டாரத்துப் பிள்ளைகளையே சூரிய மின்சார ஆய்வாளர்கள் ஆக்குவோம் என்று ஏழெட்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய திட்டம். ஜொகூர் மாநிலத்துக்கு ஒரே ஒரு கருவி. முன்பு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிய கனகராஜின் மகள் லோஷினி, அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி, சண்டை போட்டு அதைக் காஹாங்குக்குக் கொண்டுவந்தாள். ஒரு வருடப் பதிவு தேறினால் அங்கேயே ஆய்வு நிலையம். அவளுக்கு முனைவர் படிப்பு. தேறாவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

தேறாது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் பள்ளிக்கூட அறையில் அவன் கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"அக்டோபர்ல பத்தொன்பது நாள். தினமும் ரெண்டு மணிக்கு அதே மேகம், அதே அளவு. காஹாங் மேகம் இவ்வளவு ஒழுங்கா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தக் கண்களைப் பார்த்து... வரவில்லை.

"நான்தான் எழுதினேன். அந்த மூனு வாரமும் பேங்காக்ல பயிற்சியில இருந்தேன். அப்பா இந்த ஸ்கூல்ல ஜாகா, காவல் வேலை. கருவியோட கண்ணாடிய தினமும் காலையில துடைக்கிறது அவர்தான். ஆயுத பூஜை வந்துச்சு..."

"பொட்டு வெச்சிட்டாரா?"

"நட்ட நடுவுல. சந்தனம், குங்குமம். வெச்ச பொட்ட அழிக்கக் கூடாதுன்னு, தினமும் அதச் சுத்தி மட்டும் துடைச்சிருக்கார். பத்தொன்பது நாளும். அளவெல்லாம் விழுந்துருச்சு, அதான் திரும்பி வந்து நானே நம்பர் போட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "எங்க வீட்ல பிரிண்டருக்கே வெப்பாங்க."

"பயிற்சிப் புத்தகத்துல பறவை எச்சம், தூசி, பனி எல்லாம் இருக்கு. பொட்டு இல்ல. எழுதினவங்களுக்கு எப்படித் தெரியும்? அதத் தெரிஞ்ச ஒருத்தி வேணும்னுதானே இந்தத் திட்டம்..." அவள் யாரிடமும் கெஞ்சியதில்லை. "விட்டுருங்க. ப்ளீஸ்."

அவன் கணினியை மூடினான்.

"முடியாது. நான் ரிப்போர்ட்ல எழுதினா ஏமாத்து வேலைன்னு ஆகும். உங்க பேர் போயிரும். நீங்களே உண்மைய எழுதி அனுப்புங்க."

"எழுதினா கருவி?"

"போயிரும்."

"உங்களுக்கு இது எத்தனையோ கருவியில ஒன்னு. எங்களுக்கு இது ஒன்னுதான். உங்க வீட்ல எல்லாருக்கும் டிகிரி இருக்கும். உங்களுக்குப் புரியாது."

அவன் தலைகுனிந்தான். மறுக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அன்றைக்கே எழுதி அனுப்பினாள். பதில் இரண்டே வரி. கருவி வேறு நாட்டுக்குப் போகிறது. முனைவர் இடமும் அதோடு போகிறது.

பிப்ரவரியில் கழற்ற வந்தவனும் அழகுதான். ஏணியைப் பிடித்துக்கொண்டு கனகராஜ் கீழே நின்றார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. துடைக்கும் துணியை மடித்து நீட்டினார்.

"இதையும் உள்ள வைங்க தம்பி, கண்ணாடி கீறிரும். என்னாச்சு அதுக்கு? நான் ஏதாச்சும் தப்பா தொட்டுட்டேனா?"

ஏணிக்கு அந்தப் பக்கம் நின்ற லோஷினி சட்டென்று அவனைப் பார்த்தாள்.

"இல்லீங்கய்யா, கருவிதான் பழுது. நீங்க நல்லா பார்த்துக்கிட்டீங்க."

"அடுத்த பூஜைக்குள்ள வந்துரும்ல?"

"பார்க்கிறேங்கய்யா."

அவளுக்காக ஒரு பொய்யும் எழுத மாட்டேன் என்றவன்... அப்பாவுக்காக இரண்டு பொய் சொன்னான். முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள்.

அன்று மாலை மறுபடியும் குளுவாங். மறுபடியும் மழை. தோளில் பை, மறுநாள் காலை சிங்கப்பூர் தொழிற்சாலையில் சேர வேண்டும். அங்கே எதை ஒட்டுகிறார்கள், எதைப் பெட்டியில் அடைக்கிறார்கள் என்று அவள் கேட்கக்கூட இல்லை.

அதே நாற்காலி. அதே பெட்டி. பக்கத்தில் அவன்.

"இன்னிக்கும் கார் படுத்துருச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு. வீட்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் பெட்டியை எடுத்து ஈரத் தரையில் வைத்தான்.

"ஈரம் படக்கூடாதுன்னீங்க."

"படட்டும். உட்காருங்க."

உட்கார்ந்தாள். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. சிங்கப்பூர்ப் பக்கம் போகும் லார்கின் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பியது.

"நீங்க அன்னிக்குச் செஞ்சது சரி," என்றாள், பஸ்ஸைப் பார்த்தபடியே. "அதுக்கு உங்கள நான் மன்னிக்கப் போறதில்ல."

"தெரியும்."

"எங்கப்பாகிட்ட பொய் சொன்னீங்க பாருங்க... அது தப்பு." பையைத் தோளில் மாட்டினாள். "அந்தத் தப்புலதான் உங்களப் பிடிச்சுப் போச்சு. நல்லாவே பிடிச்சிருக்கு. அத வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல."