துணிக்கு முன்னால்

நாலு மூலைக்கும் வைத்த கல் அந்தந்த மூலையிலேயே இருந்தது. துணிதான், கல்லையும் சேர்த்துக்கொண்டு, பத்தடி நகர்ந்து வந்திருந்தது.

ஆண்டியப்பன் முதலில் கண்ணைக் கசக்கிப் பார்த்தான். பங்குனி வெயில். கண்மாய் வற்றி, மடைக்குப் பக்கத்தில் மட்டும் நாலு பேர் நின்று துவைக்கிற அளவுக்குத் தண்ணீர் கிடந்தது. மற்றதெல்லாம் வெடித்த மண், உச்சி நேரத்தில் எதைப் பார்த்தாலும் நெளியும். ஆனால் காலையில் கருவேல மரத்தை ஒட்டி விரித்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது மரத்துக்கும் துணிக்கும் நடுவில் ஒரு கட்டைவண்டி போகலாம். காற்று இல்லை. நாய் இழுத்திருந்தால் கசங்கியிருக்கும். எவனாவது விளையாட்டுக்குத் தூக்கி வைத்தான் என்றால், கல்லைக்கூட அதே மூலையில் அதே பக்கம் தெரிய வைக்கிற அளவுக்கா அவனுக்கு வேலை வெட்டி இல்லை?

அது கல்யாண வீட்டு மாத்து. வெள்ளிக்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலிலிருந்து வீடு வரைக்கும் மண்ணில் கால் படாமல் நடக்க வேண்டும். வெளுக்கிறவன் அவர்களுக்கு முன்னால் துணி விரிப்பான். அவர்கள் தாண்டியதும் பின்னால் கிடப்பதை வாரி எடுத்து மறுபடி முன்னால் போடுவான். இப்படியே வீடு வரை போகும். அந்த ஊரில் ஆண்டியப்பன் குடும்பத்துக்குத்தான் அந்த உரிமை. பிணம் போகும்போதும் அவர்கள்தான்.

வீடு நூறு தப்படி தள்ளி, கொல்லைப்புறம் கண்மாயைப் பார்த்தபடி, வாசல் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. ராக்காயி அடுப்படியில் கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வயது பொன்னாத்தா அவள் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, மாத்த யாராச்சும் தொட்டீகளா?"

"நான் எதுக்குத் தொடப்போறேன்? அதுக்குக் காலு மொளச்சிருச்சோ என்னமோ." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பட்டாளத்துலேருந்து வந்ததுலேருந்து ஒங்களுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு. ஒக்காருங்க, கஞ்சி ஆறுது."

"காலு மொளச்சிருச்சு," என்று பொன்னாத்தா சிரித்தாள்.

உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். ஊர் வந்த மூன்று மாதமாக அவன் ஓர் இடத்தில் கால் மடக்கி முழுசாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை. தூங்கினாலும் ஒரு கால் தரையில் ஊன்றித்தான் இருக்கும். சண்டையில் இடது காது போயிற்று, கேட்காது, அதனால்தான் பட்டாளம் வீட்டுக்கு அனுப்பியது. கேட்காத அந்தக் காதுக்குள்தான், கஞ்சியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தச் சத்தம் வந்தது. எங்கோ வெகு தூரத்தில், யாரோ நீளக் காடாத் துணியை நிறுத்தாமல் கிழித்துக்கொண்டே வருவது போல. வலது காதைப் பொத்தினான். அப்போதும் கேட்டது.

மறுநாள் மாத்தை மறுபடி அலசி அதே மரத்தடியில் விரித்துவிட்டு, வெட்டி முறிக்கிற வேலை எதுவும் இல்லாதவன் மாதிரி எதிரே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டான். சோப்பு வாடையும் உவர்மண் வாடையும் வெயிலில் காய்ந்த நத்தை வாடையும் கலந்து வந்தன. வியர்வை புருவத்தில் வழிந்து கண்ணுக்குள் போயிற்று. துடைத்தான். துடைக்க எவ்வளவு நேரமாகும்?

துணி மரத்துக்கும் வீட்டுக்கும் பாதி வழியில் கிடந்தது.

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தான். கரிந்த ரப்பர் வாடை. வெள்ளைத் துணியின் கண்மாய்ப் பக்கத்து ஓரத்தில் கால் தடங்கள் ஏறியிருந்தன. லாடம் அடித்த பூட்ஸ் தடங்கள். எண்ணாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டான், எண்ணிவிட்டான். ஆறு ஜோடி. எல்லாம் வீட்டைப் பார்த்து நடந்து, துணியின் நடுவில் வந்து நின்றிருந்தன. அந்த ஆறு பேரை அவனுக்குத் தெரியும்.

சண்டை நடந்த வடக்கே, ஒரு கால்வாய்க் கரை. நம் கண்மாய்க் கரை மாதிரியேதான், அந்தப் பக்கம் கரும்பு. மேலே நம்முடைய விமானங்கள் வந்து எதிராளியை அடிக்கும். ஆனால் அவ்வளவு வேகத்தில் பறக்கிறவனுக்குக் கீழே நிற்பவன் யார் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் செம்மஞ்சள் துணி. துணிக்குப் பின்னால் இருப்பவன் நம்மாள். துணிக்கு முன்னால் அசைகிறவன் எதிராளி. நம் ஆட்கள் முன்னேறினால் துணியும் முன்னேற வேண்டும். "துணி விரிக்க ஒனக்குச் சொல்லித் தரணுமாடா?" என்று சுபேதார் சிரித்துக்கொண்டே அந்த வேலையை ஆண்டியப்பனிடம் கொடுத்தார்.

காலையிலிருந்து அடி தாங்க முடியவில்லை. விமானம் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதற்குள் நம் ஆட்கள் ஆறு பேர் கரையைத் தாண்டி முன்னாலிருந்த செங்கல் சூளை வரை ஓடிவிட்டார்கள். "துணிய முன்னால கொண்டு போ!" என்று சுபேதார் கத்தினார். ஆண்டியப்பன் துணியைப் பிடித்தான். அப்போதுதான் பக்கத்திலிருந்த முத்துராமன் குண்டு பட்டுத் துணியின் மேலேயே விழுந்தான், விழும்போதே உயிர் இல்லை.

கையில் இருந்த துணி பிணம் கிடந்த துணியாகிவிட்டது. பிணம் கிடந்த துணியை வெள்ளாவியில் வைக்காமல் உயிரோடு இருக்கிறவன் காலுக்கு விரிக்கக்கூடாது. விரித்தால் நடக்கிறவன் வீடு திரும்ப மாட்டான். பிறந்ததிலிருந்து அவன் கைக்குத் தெரிந்த விதி அது. சண்டை என்றால் கைக்கு எப்படித் தெரியும்? கை நின்றுவிட்டது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிற நேரம்தான். விமானங்கள் கரும்புத் தோகை உரசத் தாழ இறங்கின.

ஆறு பேரையும் கொன்றது எதிராளி குண்டு என்று எழுதிக்கொண்டார்கள். அவனும் ஆமாம் என்றான்.

வியாழக்கிழமை மாத்தை விரிக்கவே இல்லை. மடித்து, வெள்ளாவிப் பானைக்குள் வைத்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தான். ராக்காயியிடம் போய், "நீயும் புள்ளயும் கந்தர்வக்கோட்டைக்கு ஒங்க ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு வாங்க. ரெண்டு மணி பஸ் இருக்கு," என்றான்.

"விடிஞ்சா கல்யாணம். இப்பப் போயி?"

"சொன்னாக் கேளு."

"என்னங்க ஒங்களுக்கு?" அவள் அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "பயமா இருக்குங்க, ஒங்களப் பாத்தா. ராத்திரியெல்லாம் கையால பாயச் சுருட்டிச் சுருட்டி இழுக்குறீக."

அவன் கொல்லைப்பக்கம் வந்தான்.

பானை மேல் அம்மிக்கல் அப்படியே இருந்தது. துணி கொல்லை வாசற்படிக்கு முன்னால் விரிந்து கிடந்தது. நாலு மூலையிலும் கல்.

இடது காதுக்குள் கிழிசல் சத்தம். முதல் நாளைவிடக் கிட்டத்தில்.

அவனுக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. அவன் செய்யாமல் விட்டதை அந்த ஆறு பேரே செய்துகொண்டு வருகிறார்கள். துணிக்குப் பின்னால் கண்மாய், அவர்கள். துணிக்கு முன்னால் அவன் வீடு. உள்ளே ராக்காயி. உள்ளே பொன்னாத்தா. மேலே பறக்கிறவனுக்குத் துணியைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

துணியைப் பிடித்து இழுத்தான். சுலபமாக வந்தது. மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினான். முன்வாசலைத் தாண்டி, ரோட்டுக்குப் போகிற மண்பாதையில் இருபது தப்படி போய், உதறி, குறுக்கே விரித்தான். கல் தேடி வைத்தான். இப்போது வீடு துணிக்குப் பின்னால். பிள்ளையும் பெண்டாட்டியும் நம் பக்கம்.

சத்தம் நின்றது.

அப்பாடா. அவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கொல்லைக்குப் போய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டான். கண்மாயைப் பார்த்தான். மரம், மடை, ஒரு கொக்கு. வேறொன்றுமில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். இரண்டு காலையும் மடக்கி, நிம்மதியாக.

வீட்டுக்குள் சொம்பு தண்ணீரில் முங்கும் சத்தம். ராக்காயி பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் குடிங்க. இம்புட்டுத் தாகமா இருந்திருக்கே, பாவம்."

ஆண்டியப்பன் உள்ளே ஓடினான். ராக்காயி சொம்போடு தனியாக நின்றாள். காலையில் மெழுகிய சாணித் தரை முழுக்க லாடம் பதிந்திருந்தது. கரிந்த ரப்பர் வாடை.

"ஏங்க, பட்டாளத்துல ஒங்ககூட இருந்தவுகளாம். ஆறு பேரு. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஒல வச்சிருப்பேன்ல." அவள் முகத்தில் வெட்கம், விருந்தாளி வந்த பரபரப்பு. "நீங்க மாத்து போட்டதாலதான் உள்ள வந்தோம்னு சொல்றாக."

"புள்ள எங்க?"

"அவுககூடத்தான். ரோடு வரைக்கும் கூட்டிட்டுப் போறாக."

வாசலுக்குப் பாய்ந்தான்.

பொன்னாத்தா துணியைத் தாண்டிவிட்டிருந்தாள். மண்பாதையில் நடந்துகொண்டிருந்தாள். ஒரு கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது, பெரியவர் யாருடைய விரலையோ பிடித்திருக்கிற மாதிரி. அவளைச் சுற்றிப் புழுதியில் தடங்கள் விழுந்துகொண்டே போயின. ஆறு ஜோடி. அவசரமில்லாமல்.

"பொன்னாத்தா!"

அவள் திரும்பவில்லை.

இடது காதில் சத்தம். பெரிதாக. ஓடிப் பிள்ளையைப் பிடிக்க நேரமில்லை. அந்த வேகம் அவனுக்குத் தெரியும். துணி. துணியை அவளுக்கு முன்னால் வீசினால் போதும். மண்டியிட்டு ஓரத்தைப் பற்றினான். துணியின் நடுப்பகுதி அழுந்தியிருந்தது. தோள். இடுப்பு. விரிந்த கால்கள். ஓர் ஆள் கிடக்கிற அளவு.

இழுத்தான். எந்த விதியையும் நினைக்கவில்லை. பல்லைக் கடித்து இழுத்தான். வரவில்லை.

"முத்துராமா, விடுடா. புள்ளடா. எம்புள்ளடா."

சத்தம் வலது காதிலும் கேட்டது.

வாசலில் ராக்காயி கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தைப் பார்த்தாள். "ஏங்க," என்றாள். "என்னங்க அது சத்தம்?"

இழுத்தான். அவன் கைக்கு எதிரே, வெள்ளைத் துணியில், ஐந்து விரல் பள்ளம் விழுந்தது. இறுகியது.

வீட்டுக் கூரையிலிருந்து ஒரு நிழல் இறங்கியது. ராக்காயியைத் தாண்டியது. அவனைத் தாண்டியது. துணியைத் தாண்டி, முன்னால் போயிற்று.